என்மேல் நானே எழுதிய முறைப்பாடு

ஊர் முடிந்து, தென்னைகள் முடிந்து, தெரு வெறும் மணலாகும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். பெண்கள் இன்னும் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று கூவினார்கள். தப்பி ஓடுகிற ஒருவனுக்கு இவ்வளவு பெரிய வழியனுப்பு வேறெங்கும் நடந்திருக்காது.

தோளில் ஒரு சாக்குப்பை. அதற்குள் இடுப்பில் உடுக்க ஒரு மாற்றுச் சாரம், ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பொட்டலம் கருவாடு, அவித்த மரவள்ளிக் கிழங்கு. கிழங்கின் சூடு சாக்கைத் தாண்டி முதுகைச் சுட்டது. பங்குனி வெயில் தலையைச் சுட்டது.

என்னோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு சிவஞானம் ஐயா வந்தார். அந்தப் பகுதிக்கு உணவு உற்பத்தி உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பெடியன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. நான் ஓடிவிட்டேன் என்று அன்று பின்னேரம் கந்தோருக்கு அறிக்கை எழுத வேண்டியவர் அவர்தான்.

“நீர் எந்தப் பக்கமாத் தப்பி ஓடுறீர்?” என்று கேட்டார்.

“வடக்கால, ஐயா. புல்மோட்டைப் பக்கம்.”

“நல்லது. நான் தெற்காலையெண்டு எழுதுறன். மூதூர்ப் பக்கம்.”

“மூதூரில எனக்கு மாமா ஒருத்தர் இருக்கிறார். அவரைப் பிடிச்சு விசாரிச்சா?”

சிவஞானம் ஐயா சைக்கிளை நிறுத்தி யோசித்தார். “அப்ப கந்தளாய். அங்க ஆரும் இருக்கினமோ?”

“ஒருத்தரும் இல்லை.”

“கந்தளாய்” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். திருப்தியாக இருந்தது போலும். மதகு வரைக்கும் கூட வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

அரசாங்கக் கடதாசிகளின்படி நான் நாற்பத்தொரு மீனவக் குடும்பங்களை விவசாயிகள் என்று பொய்யாக எழுதிக் கந்தோரை ஏமாற்றிவிட்டு ஓடியவன். எழுதியது உண்மை. ஏமாற்றியது பொய். ஓடவும் இல்லை, நடந்துதான் போனேன்.

வடிவான கையெழுத்து

நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில் இருக்கிற அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அதை மறுபடி ஏதாவது ஒரு பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

அங்கே கரைவலை இழுக்கப் போனவன் நான். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன், கிண்ணியாவில் விறகு பிளந்தேன், கந்தளாய்ப் பக்கம் ஒரு குடியேற்றத்தில் குழி வெட்டினேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பள்ளிக்கூடம் எனக்குத் தந்தது ஒன்றே ஒன்று: வடிவான கையெழுத்து. எழுதுகிறதை விளங்கிக்கொள்ளச் சொல்லித் தருமுன் வெளியே வந்துவிட்டேன்.

குழி வெட்டிய கதையை இடையில் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் அங்கே மலசலகூடம் கட்டும் திட்டம். வீட்டுக்கு ஒரு குழி. நாங்கள் வெட்டி முடித்தோம், இலக்கு முடிந்தது என்று ஒரு பெரியவர் வந்து கைதட்டிவிட்டுப் போனார். குழிக்கு மேல் வைக்கிற பீங்கான் வேறொரு கந்தோரின் இலக்காம், அது அடுத்த வருடத்துக்காம். வெட்டிய குழி சும்மா கிடக்குமா? சனம் அதற்குள் எருவைப் போட்டு வாழை நட்டது. அடுத்த வருடம் பீங்கானோடு லொறி வந்தபோது குழியெல்லாம் குலை தள்ளி நின்றது. வந்தவர் கெட்டிக்காரர். பீங்கானைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாழைச் செய்கை இலக்கில் எல்லாக் குழியையும் சேர்த்துக்கொண்டார்.

அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டேன். கொஞ்சம் யோசித்திருந்தால் பிறகு எனக்கு நடந்தது நடந்திருக்காது.

கரைவலை ஊரில் எனக்கு இடம் தந்தவர் வேலுப்பிள்ளைச் சம்மாட்டியார். வலையும் தோணியும் அவருடையவை. கரையில் இருந்த அவருடைய ஓலைக் கொட்டிலில், வாடி என்பார்கள், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் படுக்கை. சாப்பாடு தந்தவர் இராசம்மா அக்கா. காய்ச்சலில் கணவரை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். வலை பின்னிக் கொடுத்துத்தான் குசினியில் அடுப்பு எரிந்தது. மாரியில் நைலோன் நூல் வரும். மீன்பிடி ஊர்களுக்கு மட்டும் அரசாங்கம் அளவாகக் கொடுக்கும் நூல் அது. ஊர் முழுவதற்கும் கிழிந்த வலையைச் சரிபண்ணுவது, மீன் வந்து நிறைகிற பையான மடியைப் புதிதாகப் பின்னுவது எல்லாம் அக்காவின் கை. அந்த மூன்று மாத வேலையில்தான் அவர் வருடம் ஓடியது.

எனக்குச் சோற்றுக்கு அவர் எதுவும் வாங்கவில்லை. “நூலைப் பிடிச்சு இரு, அது காணும்” என்பார். நான் நூல் கண்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் கை ஓடும். நான் வேறெந்த ஊரிலும் அத்தனை மாதம் தங்கியதில்லை.

எண் நடக்கிற விதம்

அது உணவுத் தட்டுப்பாட்டில் அரிசி மூட்டையைச் சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்த்த காலம். பாணுக்கு விடியமுன் வரிசை. நாடு முழுக்க மரவள்ளி நடச் சொல்லி மேலிருந்து கட்டளை. மாரி தொடங்குமுன் ஒருநாள் சிவஞானம் ஐயா வாடிக்கு வந்து, கதிரையைத் தவிர்த்து மணலிலேயே உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

“சம்மாட்டியார், உங்கட ஊருக்கு ஒரு இலக்கு வந்திருக்கு.”

“எங்களுக்கோ? என்ன மீன்?”

“மீன் இல்லை. மரவள்ளி.”

சம்மாட்டியார் கடலைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “எந்தக் கரையில நடுறது, ஐயா? ஈர மணலிலையோ, காய்ஞ்ச மணலிலையோ?”

சிவஞானம் ஐயா விளக்கினார். கந்தோர்ச் சுவரில் ஒரு வரைபடம் இருக்கிறதாம். அதில் எங்கள் ஊர் மரமில்லாத வெளி. மரமில்லாத வெளி என்றால் பயிர் செய்யாத நிலம். பயிர் செய்யாத நிலம் என்றால் மரவள்ளி நட வேண்டிய நிலம்.

“கடலுக்கு நீலம் பூச மறந்திருந்தா அதிலையும் நடச் சொல்லியிருப்பினம்” என்றார் சம்மாட்டியார்.

“இவ்வளவு தடி நட வேணுமெண்டு ஆர் கணக்குப் பாத்தது?” என்று நான் கேட்டேன்.

“ஒருத்தரும் பாக்கேல்லை. கொழும்பில ஒரு மேசையில ஒரு எண் பிறக்கும். மாவட்டக் கச்சேரிக் கந்தோருக்கு வரேக்க, குறைஞ்சா வெட்கமெண்டு கொஞ்சம் கூட்டுவினம். எங்கட கந்தோருக்கு வரேக்க, எவனாவது செய்யாமல் விடுவான் எண்டு இன்னும் கொஞ்சம் கூட்டுவினம். என்னட்ட வந்து சேரேக்க அது கலியாணம் முடிச்சுப் பிள்ளையும் பெத்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருடம் ஒரு ஊராவது இலக்கை எட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்ற ஊர்களில் நடுமுன்னே தடியை மாடு தின்றுவிட்டது, இல்லாவிட்டால் நட வேண்டிய நிலத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது நாங்கள்.

நல்ல மனிதர் அவர். ஊருக்கு வந்த இங்கிலீசுக் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னவர். தோணி எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வராதபோது மூன்று தரம் விண்ணப்பம் எழுதியவர். அவரிடம் “ஏலாது” என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

“நட்டா உப்புக் காத்தில கருகிப் போகுமே, ஐயா” என்றார் இராசம்மா அக்கா.

“கருகட்டும். நடுறதுதான் இலக்கு, அக்கா. முளைக்கிறது இலக்கில இல்லை.”

தடி நட்ட காலை

லொறியில் கட்டுக் கட்டாகத் தடி வந்து இறங்கியது. வலை இழுப்பு நின்ற காலம், ஊரே சும்மா இருந்தது. வலைக் கயிற்றை நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, அதன் வழியே வரிசையாகத் தடி குத்தினோம். வாடிகளுக்குப் பின்னால், காலங்காலமாக மீன் குடல் கொட்டுகிற வெளி அது. கால் வைத்தால் பழைய மீன் நாற்றம் கிளம்பும். யாரோ வலை இழுக்கிற பாட்டை எடுத்தார்கள். பத்துப் பேர் ஏலேலோ போட, ஒரு தடி மணலுக்குள் போனது. மத்தியானத்துக்குள் இலக்கு முடிந்துவிட்டது.

சிவஞானம் ஐயா ஒரு அச்சடித்த தாளை என்னிடம் நீட்டினார். “உம்மட கையெழுத்து வடிவு. நட்டவையின்ர பெயரை இதில எழுதித் தாரும். நான் மற்ற ஊருக்கும் போக வேணும்.”

கரைவலைக்கு ஒரு முறை உண்டு. வலையின் மடி கரையில் தட்டுமுன் கயிற்றில் கை வைத்தவன் எல்லாம் பங்காளி. விடியலில் இருந்து இழுத்தவனும் பங்காளி, கடைசி முழக் கயிற்றைத் தொட்டவனும் பங்காளி. அளவு கூடக் குறைய இருக்கும், பெயரை மட்டும் விட முடியாது. ஒருவனின் பெயரை விட்டுவிட்டால் அது அவனை ஊரில் இல்லையென்று சொன்ன மாதிரி. அதற்காக மண்டை உடைந்திருக்கிறது.

அதே முறையில்தான் நான் எழுதினேன். தடி நட்டவர்களை எழுதினேன். கயிறு பிடித்தவர்களை எழுதினேன். தேத்தண்ணி கொண்டு வந்த கிழவியை எழுதினேன். எல்லாம் முடிந்தபின் பல்லுக் குத்திக்கொண்டு வந்த ஒரு கிழவனார் கடைசித் தடியைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, “என்ர பேரையும் போடு மோனே” என்றார். போட்டேன். இராசம்மா அக்காவின் பெயரை மற்ற எல்லாப் பெயரையும்விட வடிவாக எழுதினேன்.

நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு பெயர். தாளின் தலைப்பை நான் பார்க்கவில்லை. கரையில் எழுதுகிற பட்டியலுக்குத் தலைப்பு இருப்பதில்லை. அந்தத் தாளுக்கு இருந்தது: “விவசாயத்தில் ஈடுபட்டுள்ள குடும்பங்கள்.”

முளைத்துத் தொலைந்தது

மழை வந்தது. இரண்டு கிழமையில் கருகிவிடும் என்று நினைத்த தடியெல்லாம் கண் விட்டது. மீன் குடலின் சாரம் என்று இராசம்மா அக்கா சொன்னார். தையில் இடுப்பளவுக்கு நின்றது. ஆடு கடித்தது, மறுபடி துளிர்த்தது. பிள்ளைகள் முறித்து விளையாடினார்கள், முறித்துப் போட்ட இடத்திலும் முளைத்தது.

எண் கீழே வரும்போது வளர்ந்தது போலவே மேலே போகும்போதும் வளர்ந்திருக்க வேண்டும். ஒருநாள் ஜீப்பில் ஒரு பலகை வந்தது. “முன்மாதிரி விவசாயக் கிராமம்.” கரையில், தோணிகளுக்கு முன்னால் நட்டார்கள். வேறு இடத்தில் நட்டால் தெருவில் இருந்து தெரியாதாம். கூடவே மருந்தடிக்கிற பம்பு இரண்டும், மிளகாய் விதைப் பொதியும். சம்மாட்டியார் பம்பில் தண்ணீர் நிரப்பி ஒரு ஆட்டுக்கு அடித்துப் பார்த்தார். ஆடு அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

மாசி கடைசியில் காசிம் நானாவின் லொறி வந்தது. கிண்ணியாக்காரர். எங்கள் கரைக்கு மீன் எடுக்க வருகிறவர். அவருடைய லொறி ஊருக்குப் பத்திரிகை மாதிரி. அன்று அவர் கீழே இறங்கியதும் சிரித்தார்.

“என்ன சம்மாட்டியார், வெங்காயம் ஏத்தவா வந்தனான், மீன் ஏத்தவா?”

“என்ன பகிடி இது?”

“பகிடி இல்ல. டவுன்ல நூல் குடுத்து முடிஞ்சுது. மத்த ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. உங்கட ஊர் பேரு மீன் லிஸ்ட்டில இல்ல. தோட்ட லிஸ்ட்டில இரிக்கி.”

சம்மாட்டியார் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

பங்குனி வந்தால் வலை இறங்க வேண்டும். போன பருவம் மடி ஒரு பாறையில் சிக்கிப் பாதியாகக் கிழிந்திருந்தது. நூல் இல்லாமல் மடி இல்லை. மடி இல்லாமல் வலை இல்லை. அந்தப் பருவம் முழுக்க நாற்பத்தொரு வீடும் மரவள்ளியை மட்டும் தின்றுகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என்னை யாரும் ஏசவில்லை. அன்று மத்தியானம் இராசம்மா அக்கா வழமை போல எனக்குச் சோறு வைத்தார். கோப்பைக்குப் பக்கத்தில் வலை பின்னுகிற ஊசியை வைத்தார். நூல் சுற்றாத வெறும் ஊசி.

படிவம் இல்லை

அடுத்த நாள் சம்மாட்டியாரும் அக்காவும் நானும் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். கந்தோரில் ஒரு பெரிய அலுமாரிக்கு முன்னால் ஒரு கிளாக்கர் இருந்தார். பொறுமையான மனிதர். எங்கள் கதை முழுவதையும் கேட்டார்.

“அம்மா, உங்கட ஊர் இலக்கை எட்டின ஊர். எட்டின ஊரை எட்டாத ஊராக்க எங்களிட்டப் படிவம் இல்லை.”

“அப்ப நாங்கள் மீன் பிடிக்கக் கூடாதோ?” என்றார் அக்கா.

“ஆர் வேண்டாமெண்டது? விவசாயிகளும் ஓய்வு நேரத்தில மீன் பிடிக்கலாம்.”

“நூல்?”

“அது மீனவருக்கு.”

சம்மாட்டியார் முன்னுக்கு வந்தார். “ஐயா, மரவள்ளியை நாங்களே பிடுங்கி எறிஞ்சா?”

“பயிர் அழிஞ்சா அதுக்கொரு படிவம் இருக்கு. யானையோ, பண்டியோ, வெள்ளமோ எண்டு எழுத வேணும். எழுதினா…” கிளாக்கர் கொஞ்சம் தயங்கினார். “எழுதினா திரும்ப நடுறதுக்கு இரண்டு மடங்கு தடி அனுப்புவம்.”

அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கிளாக்கர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்டு செய்யலாம். பட்டியல் பிழையெண்டு ஊர் முறைப்பாடு தந்தா நாங்கள் விசாரிக்க வேணும். விசாரிச்சா, எழுதினவர் ஆர் எண்டு கேப்பம். எழுதின ஆள் இருந்தா அவருக்கு வழக்கு, சிவஞானத்துக்கும் கரைச்சல், விசாரணைக் கோவை இரண்டு வருசம் திறந்து கிடக்கும். எழுதின ஆள் ஊரில இல்லையெண்டா, ஓடிட்டார் எண்டு எழுதிக் கோவையை மூடுவம். மூடினா பழைய பட்டியல் செல்லும்.”

“பழைய பட்டியலில நாங்கள் ஆர்?” என்று சம்மாட்டியார் கேட்டார்.

“மீனவர்.”

மூவரும் வெளியே வந்தோம். பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். குச்சவெளிப் பஸ் அன்று நிறைந்திருந்தது. நிலாவெளி வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எந்தச் சொல்லைப் போடுவது

பின்னேரம் வாடியில் எல்லோரும் கூடினார்கள். சிவஞானம் ஐயாவும் வந்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“ஒரு பெடியனைத் துரத்திப்போட்டு நூல் வாங்க ஏலாது” என்றார் அக்கா. “அவன் எங்கட முறையிலதான் எழுதினவன். ஒரு பேரை விட்டிருந்தா நாங்களே அடிச்சிருப்பம்.”

“துரத்த வேண்டாம், அக்கா. நான் எப்பிடியும் போற ஆள்தானே” என்றேன்.

அது முழுக்க உண்மையில்லை. என் கால் ஒரு இடத்தில் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மாரியில் அது நின்றிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

முறைப்பாட்டை யார் எழுதுவது என்று பார்த்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஊரில் வடிவாக எழுதுகிறவன் நான்தானே. தாளை விரித்தேன்.

“கனம் ஐயா, எமது கிராமத்தில் தங்கியிருந்த நாடோடி ஒருவர்…” என்று எழுதி நிறுத்தினேன். “அயோக்கியன் எண்டு போடட்டோ?”

“அது கூடிப் போச்சு” என்றார் சம்மாட்டியார். “கொஞ்சம் குறைச்சுப் போடு.”

“ஏமாற்றுப் பேர்வழி?”

“அது சரிவரும். நல்லா விழும்.”

“பழகுறதுக்கு நல்ல பெடியன் எண்டும் போடு” என்றார் அக்கா.

“முறைப்பாட்டில அப்பிடிப் போடேலாது, அக்கா” என்று சிவஞானம் ஐயா கெஞ்சினார்.

“ஏன் ஏலாது? ஏமாத்துறவை நல்லாப் பழகுறேல்லையோ?”

அது நியாயமாகப் பட்டது. “பழகுவதற்கு நல்லவர் போல நடித்து” என்று சேர்த்தேன். அக்காவுக்கு “நடித்து” பிடிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முக்கால் பக்கம் போனபின் சிவஞானம் ஐயா திடீரென்று தாளைப் பிடுங்கினார். “ஐயோ, இது அதே கையெழுத்து! பட்டியல் கோவையில இருக்கு. இரண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா?”

ஊரில் மற்றவர்கள் எழுதினால் ஒரு வரிக்கு ஒரு மணித்தியாலம். கடைசியில் நான் பேனையை இடக்கைக்கு மாற்றினேன். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி வந்தது. வேர்த்து ஒழுக, முழுப் பக்கமும் இடக்கையால் எழுதி முடித்தேன். சம்மாட்டியார் கீழே கையெழுத்து வைத்துவிட்டுத் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உன்னைப் பற்றி நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்” என்றார்.

மடி தட்டுமுன்

மறுநாள் காலை அக்கா தோட்டத்தில் கிழங்கு பிடுங்கினார். ஐந்து மாதப் பயிர், மணிக்கட்டுத் தடிப்புத்தான். அவித்துப் பையில் போட்டுக் கட்டினார். சம்மாட்டியாரிடம் சொல்லப் போனேன்.

“இந்த முறை வலை இறங்க நான் இருக்க மாட்டன்” என்றேன். மடி கரையில் தட்டுமுன் விட்டுப் போகிறவனுக்குப் பங்கில்லை. அதுவும் அந்தக் கரையின் முறைதான்.

“நீ எந்த வலையை விட்டுப் போறாய்?” என்று கேட்டார். “நூல் வந்தாத்தான் வலை. நூலுக்குக் கயிறு இழுக்கிறது நீதான். போ. உன்ர பங்கு கிடக்கும்.”

வாய்ப் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வைகாசியில் ஒருநாள் காசிம் நானாவின் லொறி புல்மோட்டைக்கு வந்தது. என்னைத் தேடிப் பிடித்து ஒரு கருவாட்டுப் பொதியைக் கையில் தந்தார்.

“முதல் மடியில ஒரு பங்காம். பேரு சொல்லித்தான் எடுத்து வெச்சாங்க, மகன்” என்றார். நூல் வந்து இரண்டு மாதமாம். இராசம்மா அக்கா இரவும் பகலும் பின்னிப் பருவத்துக்கு மடியை முடித்துவிட்டாராம். சிவஞானம் ஐயாவை நிரந்தரமாக்கிவிட்டார்களாம், இலக்கை எட்டிய வருடம் எட்டியதுதானே. பலகையைக் கழற்ற மட்டும் படிவம் இல்லையாம். சனம் அதைச் சரித்துக் கட்டி, மேலே நெத்தலி காயப்போடுகிறதாம்.

பொதியின் முடிச்சை அவிழ்த்தபோது அதற்குள் ஒரு வலை ஊசி இருந்தது. நூல் சுற்றியிருந்தது.

அடுத்த நாள் காலை

நான் நடையை விட்ட இடத்துக்கு வருகிறேன். குச்சவெளி வரைக்கும் கால், அதற்குப் பிறகு பாதித் தூரம் பஸ், மிச்சம் மறுபடி கால். பொழுதுபடப் புல்மோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் படுத்துக்கொண்டேன்.

அங்கே கரை மணல் கறுப்பு. இரும்பைத் தூளாக்கிக் கொட்டிய மாதிரி கனக்கும். அதை அள்ளி ஏற்றுகிற வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கடைக்காரர் சொன்னார். விடிந்ததும் போனேன். வெயில் ஏறுமுன்னே மணல் சுடத் தொடங்கியிருந்தது. ஒரு தகரக் கொட்டிலின் நிழலில் மேற்பார்வைக்காரர் இருந்தார். மேசையில் ஒரு தடித்த பதிவுப் புத்தகம், பக்கத்தில் ஒரு வெறும் கதிரை.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “எழுத வாசிக்கத் தெரியுமோ? தெரிஞ்சா நிழல் வேலை ஒண்டு இருக்கு. ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு அள்ளுதெண்டு எழுத வேணும். மேல ஒரு இலக்கு இருக்கு, அதுக்கு அனுப்புறதுக்கு.”

கதிரையைப் பார்த்தேன். நல்ல கதிரை. சாய்வும் இருந்தது.

“தெரியாது, ஐயா” என்றேன்.

“ஒரு எழுத்தும்?”

“ஒரு எழுத்தும்.”

அவர் பெருமூச்சு விட்டு, மைத் தகரத்தை என் பக்கம் தள்ளினார். “அப்ப இடது பெருவிரலை வை.”

வைத்தேன். அந்தக் கை முந்தநாள்தான் முழுப் பக்கம் ஒன்று எழுதியது என்பது அவருக்குத் தெரியாது. மண்வெட்டி ஒன்றைத் தந்தார். விரலில் இருந்த மையைக் கறுத்த மணலில் தேய்த்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.